குண்டின் குழியில் வைத்த கற்பூரம்

அண்ணா,

பக்கத்து வீட்டில் புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்துவிட்டு, "ஆயா, நீங்கதான் பெரியவங்க, கற்பூரம் கொளுத்துங்க" என்று கூப்பிட்டார்கள். வாசம் வந்ததுமே கற்பூரத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். முட்டி வலி என்று பொய் சொல்லி உள்ளே வந்து உனக்கு எழுதுகிறேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நானும் பேரனும் உன் காட்டு வீட்டுக்கு வந்தோம். மண்ணுக்குள் இரும்போ செம்போ இருந்தால் கீச்சென்று கத்தும் மிஷின் ஒன்றை அவன் வாங்கியிருந்தான். கோட்டை மலை அடிவாரத்தில் உன் காடு. வெள்ளைக்காரனும் மைசூர்க்காரர்களும் சண்டை போட்ட இடம். ஏர் ஓட்டினாலே ஈயக் குண்டு வரும். ஓசூரில் பஸ் ஏறியதிலிருந்து கண்டக்டரிடம்கூட என் பேரன் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். வரப்பிலும் நிறுத்தவில்லை. "சாக்கு பாப்பா, சாக்கு. அவன் தங்கம் எடுக்கறதுக்குள்ள எனக்குக் காது போயிடும்" என்றாய். போதும் என்று சொல்ல உனக்குக் கன்னடம்தான் வரும்.

மிஷின் கத்திய இடத்தில் தேங்காய் அளவு இரும்பு உருண்டை கிடைத்தது. உச்சியில் விரல் நுழைகிற குழி. "எவனோ மொட்டையன் தலையாட்டம் இருக்குது" என்று தட்டிப் பார்த்தாய். பேரனுக்கு ஏமாற்றம். நான் விடவில்லை. "ராஜா காலத்து ஆயுதம். நாளைக்குப் பூஜையில வைக்கணும்" என்றேன்.

மறுநாள் மோட்டார், கடப்பாரை, மண்வெட்டியோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அண்ணி உள்ளே பொரி கடலை கலந்துகொண்டிருந்தாள். பேரன் கிணற்றடியில் வண்டி கழுவினான். களத்தில் நாம் இரண்டு பேர்தான். காற்றுக்குக் கற்பூரம் நிற்கவில்லை. "அந்தக் குழிக்குள்ள வை அண்ணா, அணையாது" என்றேன். அடைத்திருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்ததும் நானே. உள்ளே கறுப்பாகத் தூள் தெரிந்தது. கரி என்று நினைத்தேன்.

"அஞ்சாவது படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே குனிந்தாய். பூத்தட்டு எடுக்க நான் கல்தூணுக்குப் பின்னால் போனேன்.

அதற்கு மேல் எழுத வரவில்லை. எனக்கு இடது காது போனது. நீ ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பழைய பீரங்கிக் குண்டு, உள்ளே மருந்து கெடாமல் இருந்திருக்கிறது என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். எப்படித் தீப்பட்டது என்று கேட்டதற்குத் தெரியாது என்றேன். ஊரார் போலீஸ் பேச்சை நம்பவில்லை. புதையலைக் காக்கிற முனி காவு வாங்கிவிட்டது என்றார்கள். அண்ணியும் உன் பையனைக் கட்டிக்கொண்டு அதையே சொல்லி அழுதாள். நான் தலையை ஆட்டினேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

முனி காவு வாங்கிவிட்டால் அப்புறம் புதையலை விட்டுவிடுமாம். இது எனக்குத் தோன்றவில்லை, மற்றவர்களுக்குத் தோன்றிவிட்டது. பெங்களூரிலிருந்தெல்லாம் மிஷினோடு உன் காட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். உன் சாவை நம்பி வந்தார்கள்.

போன மாதம் உன் முதல் திதி. நான் போனபோது காட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அதே மாதிரி ஓர் உருண்டை. ஒருத்தன் கையில் சம்மட்டி.

"டேய், உடைக்காதே!"

"போங்க ஆயா. முனி கேட்டத வாங்கிடுச்சு. இனி எங்களுக்குத்தான்."

"முனி இல்லடா, நான்! குழிய நோண்டினது நான், கற்பூரம் வைக்கச் சொன்னது நான். உள்ள இருக்கறது வெடிமருந்து."

"ஆயா தானே அமுக்கிக்கப் பாக்குது" என்று இன்னொருத்தன் சிரித்தான்.

முக்காட்டை விலக்கி, வெந்து சுருங்கிய காதைக் காட்டினேன். "இதுக்குள்ள வாய வச்சுக் கத்துடா. எனக்குக் கேட்டா நீ உடை."

சிரிப்பு நின்றது. சம்மட்டியைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலக் கீழே வைத்தான். சாயங்காலம் போலீஸ்காரர்கள் மணல்மூட்டை அடுக்கி அதை எடுத்துப் போனார்கள்.

அவன் சம்மட்டியை வைத்ததும் நான் திரும்பினேனே, அப்போதே பின்னால் அண்ணி. கையில் உனக்குப் படைத்த இலை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திட்டவில்லை. "எம்பையனையாவது விட்டுருன்னு வெள்ளிக்கு வெள்ளி அந்த முனிக்கு விளக்கு வச்சனே" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

கற்பூரத்தை அறியாமல் வைக்கச் சொன்னேன் அண்ணா. அந்த விளக்கை அறிந்தேதான் வைக்கவிட்டேன். உன்னைத் தின்றதாக அவள் நினைத்த ஒன்றின் காலில் அவளை ஒரு வருஷம் விழவிட்டேன். பேரனைப் பற்றி இப்போது யார் கேட்டாலும் பெருமையாக ஒரு வார்த்தை வாயில் வருவதில்லை. அவன் மேல் குற்றமில்லை. என் வாய்க்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி இன்னும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போகிறேன். அவள் கதவைத் திறப்பதில்லை. வெயில் ஏறும்வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன்.