கேனிங் லோக்கலுக்கு முன்

நியூ டவுன், கொல்கத்தா
6 ஜூலை 2025

அன்புள்ள சாதனா,

உன் மெயில் முகவரியை உன் அண்ணா ரமேஷ்பாபுவிடம் வாங்கினேன். "உங்களுக்குள்ளதான் பேச்சே கிடையாதே" என்றார். "இப்ப ஒரு சந்தேகம் வந்திருக்கு" என்றேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டியிருக்கலாம். பதினான்கு வருஷத்துக்கு அது போதாது என்று தோன்றியது.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் அதே தர்ம கண் ஆஸ்பத்திரி. கவுண்டரில் எட்டிப் பார்த்தால், நாம் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து இலவசமாக எழுதிக் கொடுத்த டோக்கன் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கவுண்டர்ப் பெண் பிரியங்காவிடம் "இது நாங்க எழுதினது" என்றேன். "இதை எழுதினவங்கல்லாம் இன்னும் இருக்கீங்களா தீதி?" என்று கேட்டாள். ஆபீஸில் நான் எழுதிய எதுவும் நான்கு வருஷத்தைத் தாண்டியதில்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆயுள் முடியப்போகிறது. புதிதாக மாற்றித் தரக் கேட்டார்கள். பழைய புரோகிராமை ஏஐ-யிடம் கொடுத்தேன். நாம் ஐந்து மாதம் முட்டிக்கொண்டதை இருபது நிமிஷத்தில் திருப்பி எழுதிவிட்டது. சந்தோஷப்படுவதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரே ஒரு இடத்தை மட்டும் 'காரணம் தெரியவில்லை, தேவையற்றது' என்று நீக்கியிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் சில ஊர்க்காரர்களை மட்டும் வரிசையில் முன்னால் தள்ளும் இடம். எனக்கும் காரணம் தெரியவில்லை. போகட்டும் என்று விட்டேன்.

வியாழக்கிழமை புதியதை ஓட்டிப் பார்த்தோம். மூன்றரை மணிக்கு ஒரு பெரியவர் மனைவியோடு எழுந்து வந்தார். "எப்பவும் இதுக்குள்ள கூப்பிட்டுடுவீங்களேம்மா" என்றார். அவர்கள் ரயிலை விட்டுவிட்டார்கள்.

அந்த இடத்தை எழுதியது நீதான். ஏன் எழுதினாய்? வேறு எதற்கும் பதில் போடாவிட்டாலும் இதற்குப் போடு. பழைய புரோகிராமை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாதங்கி

சியாட்டில்
9 ஜூலை 2025

மாது,

உன் பெயரைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டே திறந்தேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம். இப்போது நன்றாகப் பார்க்கிறார்களா?

கடைசியாக ஒருநாள் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது டாக்குரியா பிளாட்பாரத்தில் ஒரு அம்மாள், கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தார். "என் முறை வர நாலு மணி ஆயிடுச்சு. கேனிங் லோக்கல் போயிடுச்சு. அடுத்ததுல ஏறினா நெரிசல்ல கண்ணுல இடிச்சிடுவாங்க" என்றார். அடுத்த ரயிலில் அவரை ஏற்றி, அவருக்கு முன்னால் இரண்டு கையையும் வேலி மாதிரி வைத்துக்கொண்டு கேனிங் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். மறுநாள் அந்த இடத்தை எழுதினேன். கேனிங் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலு மணிக்குள் வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அன்றைக்குத்தான் இந்த ஊர் வேலைக்கான கடிதம் வந்தது. பேச ஆரம்பித்தால் அதையும் சொல்ல வேண்டும். நீயோ நாம் சேர்ந்து தொடங்க இருந்த கம்பெனிக்காகப் பாலிகஞ்சில் அறை பார்த்து, பெயர்ப்பலகைக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தாய். எனக்குத் தைரியம் வரவில்லை. யார் யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டேன். மன்னித்துவிடு என்பதை ஆங்கிலத்தில் பலமுறை எழுதி அழித்திருக்கிறேன். தமிழில் இப்போதுதான்.

ஏஐ-யைக் குறை சொல்லாதே. காரணத்தை எழுதி வைக்காதவள் நான்.

இங்கே எனக்குக் கீழ் நூற்றுப் பத்து பேர். ஆறு வருஷமாக ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. எந்த மீட்டிங் எப்போது என்பதுதான் என் உத்தியோகம். நீ அனுப்பியதை நேற்று ஒரு மீட்டிங் நடுவில் திறந்து படித்தேன். யாரோ கேள்வி கேட்டார்கள், காதில் விழவில்லை.

உன்,
சாதனா

நியூ டவுன்
20 ஜூலை 2025

அன்புள்ள சாதனா,

அந்த இடத்தை மறுபடி சேர்த்துவிட்டேன். அந்தப் பெரியவர் மனைவியோடு நேற்று வந்தார். மூன்று மணிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது பிரியங்காவின் கையில் இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். ஒன்று எனக்கு வந்தது. உனக்குப் பாதி வைக்க முடியவில்லை.

என் டீமில் உத்தமன் என்று ஒரு புதுப் பையன். "ஏஐ எல்லாத்தையும் எழுதிட்டா நமக்கு வேலை இருக்குமா மாதங்கி தீதி?" என்று தினம் கேட்பான். "எனக்கும் தெரியாதுப்பா. வா, ஆஸ்பத்திரியில ஒரு நாள் சும்மா உட்காரலாம்" என்று நேற்று அவனையும் கூட்டிப் போனேன். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டான். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு டோக்கன் எண்ணைத் திரையில் காட்டுகிறோம். யார் கண்ணுக்கடி தெரியும்? இத்தனை வருஷமாக நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இனி எண்ணைக் குரலில் கூப்பிட வேண்டும். அதை எழுத உனக்கு நேரம் இருக்குமா?

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். நீ போனதற்காக எனக்குக் கோபமில்லை. என்னையும் வா என்று கூப்பிடவில்லையே என்றுதான். கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். எனக்கு இந்த ஊரும் இந்த வேலையும் பிடித்திருக்கிறது. மேனேஜர் பதவியை இரண்டு முறை வேண்டாம் என்றிருக்கிறேன். ஆனாலும் நீ கூப்பிட்டிருக்கலாம்.

அம்மா தினமும் பேப்பரை வரிவிடாமல் படித்து எனக்கும் படித்துக் காட்டுகிறாள்.

அன்புடன்,
மாதங்கி

சியாட்டில்
3 ஆகஸ்ட் 2025

மாது,

குரல் பகுதியை எழுதி இணைத்திருக்கிறேன். நான்கு சாயங்காலம் ஆயிற்று. வீம்புக்கு ஏஐ-யைக் கேட்காமல் எழுதினேன். முடித்துவிட்டுக் காட்டினேன், இரண்டு தப்புகளைப் பிடித்தது. நல்லதுதான். எண்களை என் குரலிலேயே வங்க மொழியில் பதிவு செய்திருக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு வரிசையில் இருப்பவர்கள் சிரித்தால் பரவாயில்லை, அவர்கள் எழுந்து வந்தால் போதும். எந்த வரியை எதற்காக எழுதினேன் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

நீ சொன்னது சரி. கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் இப்போது ஒன்று செய்கிறேன். நீ என்னைக் கூப்பிடவில்லை. இருந்தாலும் செப்டம்பர் 26 காலையில் வந்து இறங்குகிறேன். துர்கா பூஜை முடிய இருப்பேன், உன் வீட்டில்தான். ஆபீஸ் லேப்டாப்பை இங்கேயே பூட்டி வைத்துவிட்டு வருகிறேன். முதல் நாள் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் பந்தல்.

ஏர்போர்ட்டுக்கு வராதே, வண்டி பிடித்து வந்துவிடுவேன். அல்லது, வா.

சாதனா