வெசுவியஸ் மலைக் கூலிக்காரன்

ஏலே மக்கா,

இன்று காலையில் பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டுகிறவர்கள் பாறைக்கு வெடி வைத்தார்கள். கொல்லை முழுக்கக் கந்தக வாடை. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓட, நான் மட்டும் வேலியோரம் போய் நின்று இழுத்து இழுத்து முகர்ந்தேன். "ஒங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று என் பெண்சாதி சத்தம் போட்டாள். இத்தாலி தேசத்து எரிமலை உச்சியில் இதே வாடைதான் அடித்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்த இன்னொரு ஆள் நீ. நீயும் செத்துப்போய்விட்டாய். அதைக்கூட நாகர்கோவில் பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொன்னபோதுதான் கேட்டேன். எனக்குச் சொல்லி அனுப்ப உன் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் யார் என்று நீ அவர்களிடம் சொல்லியிருந்தால்தானே தோன்றும்!

கொழும்பில் பட்டுக்கடை வைத்திருந்த நம் சேட்டு, இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இன்னொரு கடை திறந்தபோது நம் இருவரையும் கப்பலேற்றி விட்டார். நீ சுசீந்திரம் பக்கத்துச் சைவக் குடும்பம், வேதக்காரன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கள். நான் தக்கலை வேதக்காரன், கோயிலை விட்டு சர்ச்சுக்குப் போன குடும்பம். கொழும்பில் ஒரே கடையில் நின்றாலும் நாம் சேர்ந்து சாப்பிட்டதில்லை. நேப்பிள்ஸில் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரே அடுப்பு. குளிர் வந்ததும் கம்பளியும் ஒன்றாகிவிட்டது. முதல் வாரம் உன் பானையைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாய். பிறகு, "சவத்த விடு, இங்கன யாரு பாக்கா?" என்று சொல்லி என் பானையிலேயே கையை விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நான் ஆராதனைக்குப் போக வேண்டியவன். உன்னோடு ஊர் சுற்றினேன். சாம்பலுக்குள் புதைந்து, தோண்டி எடுத்த அந்தப் பழைய பட்டணத்துக்குப் போனோமே, பொம்பெயி. கல் பாவிய தெருவில் வண்டித்தடம் அப்படியே கிடந்தது. நீ ஒரு கடைவாசலில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, வெத்தலை இருக்கா?" என்று ஆளில்லாத கடையைப் பார்த்துக் கேட்டாய். வெள்ளைக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துச் சிரித்து அந்தத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத் திரும்பும் வழியில்தான் அந்த ரொட்டி. தக்காளிச் சாறு தடவி அடுப்பில் சுட்டது. மேலே பழுப்பாக, வதங்கிப்போய் என்னவோ கிடந்தது. "கத்திரிக்கா வத்தல், கேட்டியா! இந்த ஊர்லயும் நம்ம வத்தல் இருக்கு" என்று ஆசை ஆசையாகப் பொறுக்கித் தின்றாய். கடைசித் துண்டு வாய்க்குப் போகும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"மக்கா, அது நெத்தோலி மீனு."

வாய் மெல்லுவதை நிறுத்தியது. கண்ணை மூடினாய். பிறகு மெதுவாக விழுங்கிவிட்டுச் சொன்னாய்: "நீயும் சொல்லல, நானும் கேக்கல. இது வத்தல்." அதற்குப் பிறகு மீன் தின்ன ஆசை வரும்போதெல்லாம் "இன்னைக்கு வத்தல் கிட்டுமா?" என்று கேட்பாய். சமைத்துப் போட்டவன் நான்.

வெசுவியஸுக்குப் போனபோது, மலைமேல் போகிற ரயில் இருந்தும், நடந்தே ஏறலாம் என்று வீம்பு பிடித்தவன் நீ. கால் புதைகிற சாம்பல். உச்சியில் புகையைப் பார்த்து வாய் பிளந்து நின்றாய். இறங்கும்போது கால் பிசகியது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடம்வரை இறங்கினேன். என் மூச்சு நெஞ்சுக்கூட்டை உடைத்தது. நீயோ மேலே இருந்துகொண்டு, "பைய போலே, கடலைச் சரியாப் பாக்கல" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து என் காதோரம், "எங்கம்மைக்குப் பொறவு என்னைச் சுமந்தது நீதாம்லே" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை, எனக்கும் அப்போது கண் நிறைந்தது.

ஊர் திரும்பியதும் உனக்குக் கல்யாணம். "வரலேன்னா கொன்னுருவேன்" என்று நீயே தக்கலைக்கு வந்து அழைத்தாய். வந்தேன். எனக்குத் தொழுவத்துப் பக்கம் இலை போடுவார்கள் என்று தெரிந்துதான் வந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அது உன் ஒருவன் கையில் இருந்த காரியமா?

பந்தலில் எல்லோரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து எரிமலைக் கதை கேட்டார்கள். நான் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் சொன்னாய். கால் பிசகிய இடம் வந்தது. என் பெயர் வரும் என்று, வெட்கங்கெட்டவன், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பொறவு என்ன செய்தீரு?" என்று பெண்ணின் பெரியப்பா கேட்டார்.

"அந்த ஊருக் கூலிக்காரன் ஒருத்தன் சுமந்து எறக்குனான்" என்றாய்.

என் பக்கம் நீ திரும்பவில்லை. பெரியப்பாதான் திரும்பினார். "நீயும் அங்கதான இருந்தே? மாப்பிள்ளை கடல் தாண்டிப் போயி என்ன சாப்பிட்டாரு, யாரோட சாப்பிட்டாரு? நெசத்தைச் சொல்லு" என்றார். உன் நெற்றியில் வேர்வை. வத்தல் என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் போதும், பெண்ணைத் திரும்ப வண்டியேற்றியிருப்பார்கள்.

"அவரு தனியா பொங்கிச் சாப்பிட்டாரு" என்றேன்.

அவரு! உன்னை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஏலே, நீ எப்பம்லே என்னை அவருன்னு சொன்னே?" என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ தலையை ஆட்டிவிட்டு, "சரி, அங்கன போயி சாப்பிடு" என்றாய். சாப்பிடாமல் புறப்பட்டேன். அதற்குப் பிறகு நீயும் வரவில்லை, ஆள் அனுப்பியும் விசாரிக்கவில்லை.

தனியாகப் பொங்கித் தின்றதாக நீ ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கலாம், எனக்குப் புரிந்திருக்கும். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் முதுகு என்னுடையது. வலித்தது எனக்கு. கூட்டாளி ஒருத்தன் என்று பெயரில்லாமலாவது சொல்லியிருக்கலாமே, துரோகி. அதில் எந்தச் சாதி கெட்டுவிடும்?

என் மகள் எரிமலைக் கதை கேட்டு நச்சரிப்பாள். "யாருகூட அப்பா போனிய?" என்பாள். பழிக்குப் பழி, நான் தனியாகப் போனேன் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன். முடியாது. உன் பெயர்தான் வரும். உன் வெற்றிலைக் கேலி வரும், கடலைப் பார்க்கவில்லை என்ற முனகல் வரும். அவள் சிரிப்பாள், எனக்கு வயிறு எரியும். நீ செத்தது தெரிந்த பிறகும் நேற்று அப்படித்தான் சொன்னேன்.

ஏலே, உன்னை இறக்கி வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.