வாப்பா சில்லு பார்க்கப் போனது

கல்முனை
14.08.2025

அன்பின் வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் உம்மா ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே ஒலிபரப்புகிறா. அதனால்தான் இந்த ஈமெயில் கடிதம்.

அவுஸ்திரேலியாவில் உழவு மெசின் கம்பெனிகளைச் சுற்றி 'கட்டுப்படுத்திய போக்குவரத்து விவசாயம்' படிக்கிறீர்களாமே. கல்முனைச் சந்தியில் ஆட்டோக்காரருக்கே கட்டுப்பாடு இல்லை, நம்மட மாவடிப்பள்ளி வயலுக்கு ட்ராஃபிக்கா? நீங்கள் ட்ராஃபிக் பொலிசுக்குப் பயிற்சி எடுப்பதாகப் பக்கத்து வீட்டுப் பளீல் காக்காவிடம் சொல்லிவிட்டேன். ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்ட மனுசன், "வாப்பா வந்ததும் எண்ட லைசனை எடுத்துத் தரச் சொல்லுங்க மகள்" என்கிறார். வந்து சமாளியுங்கள்.

உங்கள் மூத்த மகள் றுஸ்னா ராத்தாவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அபுல் ஹஸன் மாமா வந்து உம்மாவோடு குசுகுசுக்கிறார். நான் கிட்டப் போனால் தேத்தண்ணி கேட்கிறார்.

உங்கள் வாலில்லா மகள்,
ஸுஹைறா

டூவூம்பா
21.08.2025

அன்பு மகளுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பளீலுக்கு நீயே பதில் சொல்.

விசயம் இதுதான். உழுகிற, விதைக்கிற, வெட்டுகிற மெசின் எல்லாவற்றுக்கும் இரண்டு சில்லுக்கும் நடுவே ஒரே அகலம். எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடும். மற்ற மண்ணைச் சில்லு மிதிக்காது. இங்கே ஒரு வயலில் கையை விட்டேன், மணிக்கட்டு வரை இறங்கியது. நம்மட வயலில் மண்வெட்டியே துள்ளும். சின்ன மெசினுக்கும் அச்சை நீட்டலாம் என்று நேற்று ஒரு பட்டறையில் கீறிக் காட்டினார்கள். இருபது வருசமாக அந்த வயலைச் செய்கிறேன், அதற்கு என்ன வருத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்தப் பெரும்போகத்துக்கே தடம் போடுவேன். வயலின் நீளத்தை அளந்து அனுப்பு.

வாப்பா மஜீட்

கல்முனை
02.09.2025

வாப்பா,

அளக்கப் போனேன். அளக்கவில்லை.

வயலில் டிப்பர் லொறி நின்றது. வரம்போடு கிறவல் மண் கொட்டிக் கிடக்கிறது. ராத்தாவுக்கு மாப்பிள்ளையாக ஸாஜித் மச்சானைப் பேசி முடித்துவிட்டார்கள். சீதனம், வீட்டோடு வயலும். உம்மாவுக்குச் சீதனமாக வந்த காணிதானே, உம்மாவே நொத்தாரிசிடம் போய் ராத்தாவின் பெயருக்கு எழுதிவிட்டா. மாப்பிள்ளை வீட்டார் நிரப்பி, வீடு கட்டும் வளவுகளாக விற்கப் போகிறார்களாம்.

வாப்பாவிடம் கேட்டீர்களா என்றேன் மாமாவிடம். "தங்கச்சிட காணி, மகளுக்குக் குடுக்கிறா. மஜீட் மச்சானுக்கு இதுல என்ன கதை?"

உம்மா, "அவர் இருந்தா விடமாட்டார். இந்த மாப்பிள்ளையும் போனா ராத்தாவை நீயா கட்டிக்கிற?" என்றா. ராத்தா அறைக்குள் அழுகிறாள். அவளுக்கு ஸாஜித் மச்சானைப் பிடித்திருக்கிறது, அதுதான் சிக்கல்.

டிப்பர்கள் ஒரே தடத்தில்தான் போய் வருகின்றன. இதைப் பகிடிக்கு எழுதவில்லை.

பெண்ணுக்குப் பொறுப்பான 'வலி' நீங்கள்தான். நீங்கள் சம்மதிக்காமல் நிக்காஹ் நடக்காதாமே. வந்து தடுக்க ஏலாதா வாப்பா?

ஸுஹைறா

டூவூம்பா
03.09.2025

மகள்,

இன்று கடைசிக் கம்பெனிக்குப் போக பஸ் வந்தது. காய்ச்சல் என்று சொல்லி ஏறவில்லை. கூட வந்தவர்கள் பனடோல் தந்துவிட்டுப் போனார்கள்.

ஓம், நான் மறுத்தால் நிக்காஹ் நிற்கும். றுஸ்னாவின் முகத்தை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பது? வயலும் திரும்பி வராது. உம்மாவிடம் ஒன்றும் கேட்காதே. அவட காணிதான். எனக்குத்தான் அது மறந்துபோனது, அவ ஒருநாளும் சொல்லிக் காட்டாததால்.

ஞாயிறு வருவேன். ஸாஜித்தின் கையைப் பிடித்து றுஸ்னாவை ஒப்புக்கொடுப்பேன். எயார்போட்டுக்கு ஒருவரும் வர வேண்டாம். அம்பாறை வழியால் வந்தால் மாவடிப்பள்ளி வயலைக் கடக்க வேண்டும். நான் மட்டக்களப்பு பஸ்ஸில் சுற்றி வருகிறேன்.

வாப்பா