முதுகில் ஆறு ஒட்டு

மார்ச் 2
என் வீட்டு மீசைக்காரருக்கு நெஞ்சுவலிக்கு ஒட்டு கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்திரி மாதிரி இருக்கிறது, மருந்து தோல் வழியாக இறங்குமாம். காலையில் ஒட்டி ராத்திரி உரிக்க வேண்டும். உரித்தால் நெஞ்சு ரோமம் பிடுங்குகிறதாம். லாரி ஓட்டுகிற மனுஷன், "விடுடி, தோல் கிழியுது!" என்று அலறுகிறார். அதனால் இன்று காலை முதுகில் ஒட்டினேன், ராத்திரி உரிக்கவில்லை. பழசில் மருந்து தீர்ந்துதானே இருக்கும்? அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

மார்ச் 4
தினம் ஒன்றாக மூன்று ஆகிவிட்டது, முதுகு நிறைகிறது. பார்சல் மாதிரி இருக்கீங்க என்றேன். முறைத்தார்.

மார்ச் 6
தலைவலி, கிறுகிறுப்பு என்கிறார். "தலைன்னு ஒண்ணு இருந்தாதானே வலிக்கும்!" என்றேன். சிரிக்கவில்லை. நெஞ்சுதான் கோளாறு போல என்று சாயங்காலம் கூடுதலாக ஒன்று ஒட்டினேன்.

மார்ச் 7
காலையில் பார்த்தால் உதடு நீலம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. மூக்கில் வாயில் ஆக்சிஜன். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டிய கருவி எண்பத்தைந்திலேயே நிற்கிறது, நூறை ஒட்டி இருக்க வேண்டுமாம். ரத்தம் எடுத்தார்கள். சிவப்பே இல்லை, துருத் தண்ணீர் மாதிரி பழுப்பு.

"என்ன மருந்தும்மா சாப்பிடறார்?" என்று டாக்டரம்மா கேட்டார். மாத்திரைகளைச் சொன்னேன். ஒட்டைச் சொல்லவில்லை. ஏன்? எல்லாரும் என்னைத்தானே பார்ப்பார்கள். ஊரையே கேலி பண்ணுகிற வாய், இதற்குத் திறக்கவில்லை.

வராண்டாவில் நின்றேன். கருவி எண்பத்திமூன்று. அவர் கண் சொருகியது — ஐயோ, ஓடினேன்.

"டாக்டரம்மா, முதுகுல ஆறு ஒட்டு இருக்கு. நான்தான் ஒட்டினேன். பழசை உரிக்கவே இல்ல."

டாக்டரம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "புரட்டுங்க!" ஆறும் சர்சர் என்று வந்தன.

அப்புறம்தான் சொன்னார்: "எல்லாருக்கும் இப்படி ஆகாதும்மா. அளவு மீறினா சிலருக்கு ரத்தம் மாறிடும். ஆக்சிஜனைச் சரியா பிடிக்காது, பிடிச்சதையும் லேசுல விடாது."

சரக்கு ஏற்றாத, ஏற்றியதையும் இறக்காத லாரி. எனக்குப் புரிந்தது. ரத்தத்தைச் சரிப்படுத்த நரம்பில் நீல மருந்து ஏற்றினார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எண்பத்தெட்டு.

மார்ச் 8
தொண்ணூற்றாறு.

மார்ச் 9
கழிவறையிலிருந்து சத்தம்: "ஏய், ஒண்ணுக்கு பச்சையா போகுதுடி!" அந்த நீல மருந்துதான், பயப்படாதீங்க என்றார் நர்ஸம்மா. கேலி பண்ண வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

மீசைக்காரர் வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டரம்மா எல்லாம் சொல்லிவிட்டாராம்.

"ஆறோட ஏன்டி நிறுத்தின? டப்பா காலியா?"

இந்தத் தடவை அவர்தான் சிரித்தார்.