நாணலுக்கு நடுவே அப்பா போட்ட பாதை

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடுகளும் சுகம். அப்பாவின் இடது கால் பூட்ஸ் மட்டும் சுகமில்லை, அதை உரிய இடத்தில் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மடிவீக்கத்துக்கு நாம் போடும் மருந்து மாட்டின் மூத்திரத்தோடு வெளியேறி, தொழுவம் கழுவிய தண்ணீரில் அத்தையின் வாத்துக் குளத்துக்குப் போகிறது என்று நீ சொன்ன நாளிலேயே அத்தை வாய்க்காலைப் பலகை வைத்து அடைத்துவிட்டாள், உனக்குத் தெரியும். தண்ணீர் சுத்தம் என்று ஆய்வகம் சொல்கிறவரை பலகையும் மேலே ஏறாது, தம்பியோடு பேச்சும் கிடையாது என்றாள். அந்த மருந்தை வடிகட்ட, நீ வரைந்து அனுப்பியபடி நாணல் குளம் வெட்டினோம். வாய்க்கால் அடைபட்டிருந்ததால் கழுவிய தண்ணீரை லாரி வைத்து அள்ளினோம், இன்னும் கொஞ்ச நாள் அள்ளியிருந்தால் மாடுகளை விற்றிருப்போம். முதல் சோதனையில் உள்ளே போன மருந்து ஏறக்குறைய அப்படியே வெளியே வந்திருந்தது. அப்பா முதலில் நாணலைத் திட்டினார், பிறகு உன் படத்தை, பிறகு, “எல்லாம் உன் வளர்ப்பு” என்று என்னை.

தண்ணீர் போகிற வழியைப் பார்க்க, நீ போனில் சொன்னபடி துணிச்சாயத்தைக் கரைத்து மேல்முனையில் ஊற்றினேன். நாள்கணக்கில் உள்ளேயே சுற்ற வேண்டிய சிவப்பு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் கீழ்முனைக்கு வந்து நின்றது. அதுவும் கோடு போட்ட மாதிரி நேராக. யார் போட்ட கோடு தெரியுமா, உன் அப்பா போட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் நாணலைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்று, நடுவில் வேரோடு பிடுங்கி, பூட்ஸ் போட்டு நடக்கப் பாதை வெட்டியிருக்கிறார் மனுஷன். வேர்களுக்குள் நெளிந்து, அங்கே ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு மருந்தைத் தின்னக் கொடுத்து மெல்ல வர வேண்டிய தண்ணீர், ராஜபாட்டையில் கைவீசி நடந்து வந்திருக்கிறது. கேட்டால், “தண்ணிக்கு இவ்வளவு அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும்” என்கிறார். பிடுங்கிய இடத்தில் அவரே நட்டார், ‘உள்ளே நடக்காதீர்’ என்று அவரே பலகையும் எழுதி வைத்தார்.

நாணல் அடர்ந்த பிறகு எடுத்த சோதனையின் முடிவு நேற்று வந்தது. நாம் போடும் இரண்டு மருந்துகளில் ஒன்று கருவிக்கே தென்படவில்லை, இன்னொன்று வரம்புக்கு வெகு கீழே. இரண்டு தடவை படித்து நான் உறுதி செய்துகொள்வதற்குள் அப்பா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குக் குறுக்கு வழியில் ஓடினார், தன் பலகையைத் தாண்டி நாணலுக்குள்ளேயே. முழங்கால்வரை புதைந்துவிட்டார். கரைக்கு வந்த அத்தை, “ஏன்டா, எழுதி வச்சவனுக்கே படிக்கத் தெரியாதா” என்றாள். வாய்க்காலை அடைத்த நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா கையை நீட்டினார், அவள் காகிதத்தை மட்டும் வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டு, கடைசி வரிவரை படித்தாள். அப்புறம்தான் கை கொடுத்தாள். அப்பா வந்தார், பூட்ஸ் வரவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் வாத்துகள் கரையேறி ஓடின. அதே சேற்றுக் கையோடு போய் வாய்க்கால் பலகையைத் தூக்கினாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், இதே மாதிரி சிரித்துக்கொண்டு நீண்ட நாள் இருங்கள். ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வா, மறந்துவிடாதே. பழையதை எடுக்க யாரும் உள்ளே இறங்கக் கூடாது, அதன் மேலேயும் நாணல் வளரட்டும் என்பது அத்தையின் உத்தரவு.

பூட்ஸுக்குக் கரையில் நின்று காவல் காக்கும்,
உன் அம்மா