சத்தம் போடாத மெஷின்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லாமல் இதென்ன காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், என் முகத்தில் எதை மறைக்க முடியும்? சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று வேனுக்குப் புது மெஷின் பார்த்த கதை. இன்னொன்று, போன வாரம் நீ அழுதுகொண்டே கேட்டாயே, அப்பாவுக்கு என் மேல என்னம்மா கோபம், ரெண்டு வார்த்தை பேசினதும் இந்தா அம்மாகிட்டப் பேசுன்னு போனைக் குடுத்துடறாரே என்று, அதற்குப் பதில். அன்றைக்கு எனக்கே தெரியாமல் முழித்தேன். பதில் மெஷினிடம்தான் இருந்தது, அதனால் மெஷினிலிருந்தே வருகிறேன், பொறுமையாகப் படி.

கார்பெட் கழுவும் நம் பழைய மெஷினைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேனுக்குள் பெட்ரோல் இன்ஜின் அலற, வெந்நீர் ஒரு குழாயில் மாடிக்கு ஏறும், கார்பெட்டின் அழுக்குத் தண்ணீர் இன்னொரு குழாயில் இறங்கும். மேலே தேய்ப்பது நான், கீழே சூட்டையும் தொட்டியையும் கவனிப்பது அப்பா. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால்தானே எங்களுக்குள் அந்த ஹோஸ் பாஷை. மேலிருந்து நான் ஹோஸை ஒரு இழுப்பு இழுத்தால் தண்ணீரை நிறுத்து, இரண்டு இழுத்தால் சூட்டை ஏற்று, விடாமல் இழுத்தால் நீங்களே மேலே வாங்க. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சும்மா இழுத்துவிட்டு ஓடி ஒளிந்துகொள்வாய், அவர் மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்துத் திட்டாமல் சிரித்துவிட்டுப் போவார், ஞாபகம் இருக்கிறதா?

அந்த இன்ஜின் இப்போது தண்ணீரைச் சூடாக்குவதைவிடப் புகையைத்தான் அதிகம் கக்குகிறது, மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார். அப்பா அதே பெட்ரோல் மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்கோ கரண்டில் ஓடுவது எப்படித்தான் இருக்கும் என்று பார்த்தே தீர வேண்டும். கடையில் நான் கேட்ட கேள்விகளில் விற்கிற தம்பி திணறிப் போனான். பேட்டரிதான் தண்ணீரையும் காய்ச்சுமா, வேலைக்கு நடுவில் சார்ஜ் தீர்ந்தால் ஈரக் கார்பெட்டை யார் உறிஞ்சுவது, நீளமான ஹோஸ் போட்டு மாடிக்குப் போனால் இழுவை குறையுமா, இவ்வளவு கனத்தை நம் வேன் தாங்குமா என்று விடாமல் கேட்டேன். வாடிக்கையாளர் வீட்டில் பிளக் குத்தியும் ஓட்டலாமாம், ஆனால் சூடேற மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டுமாம். அக்கா, நீங்களே கடை வச்சிடலாம் போலிருக்கே என்றான். இழுவை எப்படி என்று குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தேன், என் கையுறையை லபக்கென்று விழுங்கிவிட்டது! அப்பா மட்டும் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இதுக்கு உயிரே இல்லையே, ஓடுதா நின்னுடுச்சான்னு எப்படித் தெரியும் என்றார். லேசா ரீங்காரம் கேக்குமே சார், கவனிங்க என்றான் தம்பி. ஒண்ணும் கேக்கலை என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு அந்தத் தம்பியே மெஷினை ஒரு வேனில் எடுத்துக்கொண்டு எங்களோடு வேலைக்கு வந்தான், வயலின் டீச்சர் வீட்டுக்கு. நாம் போனாலே இரைச்சலுக்குப் பயந்து அந்த அம்மா வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள், இந்த முறை கீழ் அறையில் அதுபாட்டுக்கு வகுப்பு நடந்தது. ஏதோ ஒரு பிள்ளை வயலினை அறுத்துக்கொண்டிருந்தது, பழைய மெஷினே தேவலாம் போலிருந்தது போ. மாடி அறை முடிந்ததும், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தம்பி மெஷினை நிறுத்தினான். நான் ஜன்னலில் தலையை நீட்டி, ஏங்க, அந்தச் சின்ன பிரஷ்ஷை எடுத்துட்டு வாங்க என்று கூப்பிட்டேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான். டீச்சர் வயலின் வில்லோடு வெளியே எட்டிப் பார்த்தார்கள். எதிர் வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டவர், என்னையா என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். உன் அப்பா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஊஹூம். கை தானாகப் போய் ஹோஸை ஒரு இழுப்பு இழுத்தது, அது காலில் உரசியதும் அவர் உடனே திரும்பி, என்ன என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். இறங்கி வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, கூப்பிட்டது கேக்கலையா என்றேன். மெஷின் ஓடும்போது எப்படிக் கேக்கும் என்றார். மெஷின் நின்றுதான் கிடந்தது. தம்பி என்னைப் பார்த்தான், உடனே நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டு ஹோஸைத் துடைக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து வாசலில் வேனை நிறுத்தியதும் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம், மெஷின் வாங்கப் போன இடத்துல நான்தான் ரிப்பேர்னு கண்டுபிடிச்சுட்டியே என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அதன் பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ அழாதே. குட்டிம்மா குரல் கொஞ்ச நாளாவே ரொம்பத் தூரத்துல கேக்குது, அவ இருக்கிறதே தூரம்தானே, அதனாலதான்னு நினைச்சேன், திரும்பத் திரும்ப என்னம்மா என்னம்மான்னு கேட்டா புள்ள சலிச்சுக்குமேன்னுதான் போனை உன்கிட்டக் குடுத்துடுவேன் என்றார். கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தும் எல்லாவற்றுக்கும் இன்ஜின் மேல் பழியைப் போட்டு இருந்துவிட்டோமே என்று நானும் அழுது தீர்த்தேன்.

கரண்ட் மெஷினையே எடுக்கிறோம். மீதி இருக்கிற காதையாவது காப்பாத்திக்கணும் என்று அவரே சொல்லிவிட்டார். ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேன் கதவருகே ஒரு பச்சை விளக்கு போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். ஹோஸ் பாஷை மட்டும் மாறாது. காது டாக்டரிடம் வருகிற வியாழக்கிழமை போகிறோம், என்ன சொல்வாரோ, எனக்குக் கொஞ்சம் பயம்தான். நீ இனிமேல் வீடியோவிலேயே கூப்பிடு. விளக்கு உன் முகத்தில் விழும்படி உட்கார், கத்தாதே, நிதானமாகப் பேசு. இவ்வளவு நாளும் அவர் என் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ எந்தக் குறையும் இல்லாமல், சிரித்த முகத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அவர் என்னம்மா என்று எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல். இனிமேல் அவர் போனை நீட்டினால் நான் வாங்க மாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா