மேஜைக்கு அடியில் நாலு திருகாணி

அன்பு மகள் சின்னவளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். அக்கா எழுதித் தரவில்லை. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மரத்தில் நேர்க்கோடு போடுகிறவனுக்குத் தாளில் வரவில்லை, சிரிக்காதே. "பேனாவை உளி மாதிரி பிடிக்காதீங்க தாத்தா, தாள் கிழியுது" என்கிறாள் டீச்சர். கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே நடக்கிறேன். மானம் போகிறதென்று அக்கா பத்தடி முன்னால் போய்விடுகிறாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

முழங்கால் வலி அப்படியேதான். ஈரத்தில் உப்பிய பின்கதவை இழைத்துச் சரிசெய்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்ப்யூட்டரை விற்கச் சொன்னாய் அல்லவா? நான் வகுப்பில் சேர்வதற்கு முந்தின வாரம் ரிப்பேர்க்காரர் வந்து ஓடவிட்டுப் பார்த்தார். நீ இருந்தபோது கேட்ட அதே உறுமல். சூடு தணிக்க உள்ளே தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு கெட்டிருக்கும் என்றேன். அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து, "யாரு பெரியவரே பெட்டியை மேஜையோட சேர்த்து முடுக்கினது?" என்றார்.

நான்தான். ஆடுவதை இறுக்குவதுதானே தச்சன் கை? உறுமல் லேசாகத் தொடங்கியபோது, நீ வெளியே போன சமயம் நாலு திருகாணி போட்டேன். மேஜையையும் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தேன்.

அவர் எல்லாவற்றையும் கழற்றினார். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தார். பம்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்பாஞ்சு கொடுத்தார். பெட்டியைச் சாய்த்துக் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி, பம்பின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்தார். பிறகு அது ஓடுகிறதா என்று நான் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "பம்பு தங்கம் பெரியவரே. உங்க மேஜையும் சுவரும்தான் மத்தளம் அடிச்சிருக்கு" என்றார். அரைமணி நேர வேலை, சின்னவளே.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் நோயோடு படுத்திருந்த அம்மாவின் தலைமாடு. அவள் தூக்கமில்லாமல் புரண்டபோது, "அம்மா வேணுமா, பெட்டி வேணுமா" என்று உன்னைத்தான் கேட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாய். பதினோராம் நாள் அம்மா போய்விட்டாள். நீ பக்கத்தில் இல்லை. அம்மாவின் தூக்கத்தை நான்தான் கெடுத்தேன் என்று அக்காவிடம் அழுதாயாம். கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலையையும் விட்டுவிட்டாயாம்.

போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பிறர் கையால் எழுதவைக்கவும் வெட்கம். அதனால்தான் வகுப்புக்குப் போனேன்.

அம்மா தூங்காதது உன் பெட்டியால் அல்ல. என் கையால். இந்த வரியை இன்னொரு முறை படி.

பெட்டியை விற்கவில்லை, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அது நியாயம்தான். நீ மட்டும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கு, கண்ணு.

உன்
அப்பா